துப்பாக்கியோடு வெளியே போகும் உரிமை: அமெரிக்காவில் வழக்குகளும் மாநிலச் சட்டங்களும் அதை எப்படி வளர்த்தன?

டெக்சாஸில் 21 வயது நிரம்பிய, குற்றப் பின்னணி இல்லாத ஒருவர் எந்த அலுவலகப் படியும் ஏறாமல் கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகலாம். அதே ஆள் அதே துப்பாக்கியோடு நியூ ஜெர்சியில் பிடிபட்டால் சிறைக்குப் போக நேரிடும். நாடு ஒன்று, அரசியல் சட்டமும் ஒன்று. ஆனால் மாநில எல்லையில் நிற்கும் பெயர்ப்பலகையைத் தாண்டியதும் அதே செயல் குற்றமாகிவிடுகிறது.

அதனால்தான் அமெரிக்கத் துப்பாக்கிச் செய்திகள் நம்மைக் குழப்புகின்றன. "உச்ச நீதிமன்றம் துப்பாக்கி உரிமையை உறுதி செய்தது" என்று ஒரு நாள் படிக்கிறோம். அடுத்த வாரமே "நியூயார்க்கில் துப்பாக்கிக்குப் புதிய தடை" என்று வருகிறது. இரண்டுமே உண்மை. எப்படி என்று புரிய, கொஞ்சம் அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

வைத்திருப்பது வேறு, எடுத்துச் செல்வது வேறு

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி உரிமம் என்பது அரசு ஆளைப் பார்த்து, காரணத்தைப் பார்த்துக் கொடுக்கும் அனுமதி. அதை அடிப்படை உரிமை என்று யாரும் கோர முடியாது. இந்தக் கண்ணோடு அமெரிக்கச் செய்தியைப் படித்தால் பாதி விளங்காது. அங்கே 1791-லேயே அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் மக்கள் ஆயுதங்களை வைத்திருக்கவும் தாங்கவும் உள்ள உரிமையில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதே வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒழுங்குபட்ட குடிமக்கள் படையைப் பற்றிய குறிப்பும் இருக்கிறது. எனவே இந்த உரிமை படைக்கா, தனிமனிதருக்கா என்ற சண்டை இரண்டு நூற்றாண்டுகள் ஓடியது.

அதை முடித்துவைத்தவை இரண்டு தீர்ப்புகள்.

1. 2008, ஹெல்லர் வழக்கு. தலைநகர் வாஷிங்டனில் வீட்டுக்குள் கைத்துப்பாக்கி வைத்திருக்கவே தடை இருந்தது. உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. தற்காப்புக்கான இந்த உரிமை தனிமனிதருடையது என்று நீதிபதி ஸ்கலியா எழுதினார்.

2. 2010, மெக்டொனால்ட் வழக்கு. ஹெல்லர் தீர்ப்பு மத்திய அரசின் கீழுள்ள தலைநகரைப் பற்றியது. சிகாகோ நகரம் போட்டிருந்த கைத்துப்பாக்கித் தடைக்கு எதிரான வழக்கில், பதினான்காவது திருத்தத்தின் வழியாக இந்த உரிமை மாநிலங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்தும் என்று அதே 5-4 கணக்கில் தீர்ப்பு வந்தது.

இரண்டு தீர்ப்புகளும் வீட்டு வாசற்படியோடு நின்றுவிட்டன. வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினால் என்ன என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் அதன் பிறகு 12 ஆண்டுகள் தொடவில்லை. பள்ளிகள், அரசுக் கட்டடங்கள் போன்ற இடங்களில் தடை போடலாம் என்று ஹெல்லர் தீர்ப்பிலேயே ஒரு வரி இருந்தது. அந்த ஒற்றை வரிதான் இன்று பாதி வழக்குகளுக்கு மூலம்.

மூன்று வகை மாநிலங்கள்

செய்திகளில் அடிக்கடி வரும் மூன்று சொற்கள் இவை.

1. மே இஷ்யூ. அதிகாரி விரும்பினால் கொடுக்கலாம். விண்ணப்பதாரர் எல்லாத் தகுதியும் பெற்றிருந்தாலும் "உங்களுக்கு ஏன் தேவை?" என்ற கேள்விக்கு அதிகாரி ஏற்கும் பதில் வேண்டும்.

2. ஷால் இஷ்யூ. சட்டத்தில் எழுதியிருக்கும் தகுதிகள் (வயது, குற்றப்பின்னணிச் சோதனை, பயிற்சி) இருந்தால் கொடுத்தே ஆக வேண்டும். ஏன் என்று கேட்க அதிகாரிக்கு உரிமை இல்லை.

3. உரிமம் தேவையில்லாத முறை. துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தகுதியுள்ளவர் உரிமமே இல்லாமல் எடுத்துச் செல்லலாம். ஆதரவாளர்கள் இதை "கான்ஸ்டிடியூஷனல் கேரி" என்பார்கள், எதிர்ப்பவர்கள் "பெர்மிட்லெஸ் கேரி" என்பார்கள்.

இவை போக, ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்கும் பிறர் கண்ணில் படும்படி எடுத்துச் செல்வதற்கும் தனித்தனி விதிகள் உண்டு. ஃப்ளோரிடாவில் மறைத்து எடுத்துச் செல்வது எளிதாக இருந்தும் வெளிப்படையாக எடுத்துச் செல்வது பல ஆண்டுகள் குற்றமாகவே இருந்தது. 2025 செப்டம்பரில்தான் அந்த மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அந்தத் தடையை நீக்கியது.

சட்டமன்றம் முன்னே போனது

துப்பாக்கி உரிமையை உச்ச நீதிமன்றம் மேலிருந்து இறக்கிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கீழிருந்து, மாநிலச் சட்டமன்றங்கள் வழியாக ஏறி வந்தது. இந்த வரிசை தெரியாவிட்டால் பின்னால் வரும் தீர்ப்புகளின் பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

1980-களின் தொடக்கத்தில் மிகப் பல மாநிலங்கள் மே இஷ்யூ முறையிலோ, முழுத் தடையிலோதான் இருந்தன. 1987-ல் ஃப்ளோரிடா ஷால் இஷ்யூ சட்டம் கொண்டுவந்தது. அதற்காகச் சட்டமன்ற வராந்தாக்களில் உழைத்தவர் தேசிய ரைஃபிள் சங்கத்தின் மேரியன் ஹேமர். ரத்த ஆறு ஓடும் என்று எதிர்ப்பாளர்கள் எச்சரித்தார்கள். உரிமம் வாங்கியவர்கள் வரிசையாகக் குற்றம் செய்யவில்லை என்று சொல்லி ஆதரவாளர்கள் அதே சட்டத்தை மற்ற மாநிலங்களுக்கு எடுத்துப் போனார்கள். 35 ஆண்டுகளில் அது நாட்டின் பொது வழக்கமாகிவிட்டது. 2022-ல் உச்ச நீதிமன்றம் எண்ணிப் பார்த்தபோது 43 மாநிலங்கள் ஷால் இஷ்யூ பக்கம் இருந்தன. மிச்சம் நின்றவை நியூயார்க், கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, மேரிலாந்து, மாசசூசெட்ஸ், ஹவாய் என்ற ஆறும்தான் (வெர்மான்ட்டில் உரிம முறையே இல்லை).

43-க்கு எதிராக ஆறு என்னும்போது அந்த ஆறும் விதிவிலக்காகத் தெரியும். 1987-ல் இதே வழக்கு வந்திருந்தால் ஷால் இஷ்யூ மாநிலங்கள்தான் விதிவிலக்காகத் தெரிந்திருக்கும். தீர்ப்பு எழுதிய நீதிபதிகள் வரலாற்றைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் அவர்கள் கண் முன்னே இருந்த நாடு, சட்டமன்றங்கள் ஏற்கெனவே மாற்றி வைத்திருந்த நாடு.

ஒரு வழக்கு எப்படிக் கட்டப்படுகிறது

இந்த வழக்குகள் தற்செயலாக வருபவை அல்ல. 1974-ல் தொடங்கிய செகண்ட் அமெண்ட்மெண்ட் ஃபவுண்டேஷன், ஃபயர்ஆர்ம்ஸ் பாலிசி கோயலிஷன், தேசிய ரைஃபிள் சங்கம், அந்தந்த மாநிலத் துப்பாக்கிச் சங்கங்கள் ஆகியவை யோசித்து, இடம் பார்த்து, ஆள் பார்த்துத் தொடுப்பவை.

1. மனுதாரர் தேர்வு. குற்றப் பின்னணி இல்லாதவர், பயிற்சி முடித்தவர், முறைப்படி விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர். மறுப்புக் கடிதம் கையில் இருந்தால்தான் "எனக்குப் பாதிப்பு உண்டு" என்று நீதிமன்றத்தில் நிற்க முடியும். கூடவே சங்கமும் தன் உறுப்பினர்கள் சார்பில் மனுதாரராகச் சேரும். தனிநபர் ஊர் மாறினாலும் வழக்கு சாகாது.

2. சட்ட ஆயுதம். 1871-ல், கூ க்ளக்ஸ் க்ளான் கும்பலின் அட்டூழியத்தை எதிர்கொள்ள இயற்றிய குடிமை உரிமைகள் சட்டத்தின் பிரிவுதான் இன்றும் பயன்படுகிறது. அரசியல் சட்ட உரிமையை மாநில அதிகாரி பறித்தால் மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்பது அது.

3. செலவு. 1976 முதல் இத்தகைய வழக்கில் வென்றவரின் வக்கீல் கட்டணத்தை நீதிமன்றம் தோற்ற அரசின் தலையில் கட்டலாம். சின்ன அமைப்புகள் கூட பெரிய மாநிலங்களோடு மோதுவதற்கு இது முக்கியக் காரணம். ஆனால் 2025 பிப்ரவரியில் லாக்கி வழக்கில் (அது ஓட்டுநர் உரிமம் பற்றியது) உச்ச நீதிமன்றம் ஒரு கட்டுப்பாடு போட்டது. இடைக்காலத் தடை மட்டும் வாங்கிய பிறகு அரசு சட்டத்தையே மாற்றிக்கொண்டால், மனுதாரருக்குக் கட்டணம் கிடைக்காது.

4. முரண்பாட்டை உண்டாக்குதல். அமெரிக்காவில் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் வட்டாரம் வட்டாரமாக இருக்கின்றன. ஒரு வட்டாரம் ஆம் என்றும் இன்னொன்று இல்லை என்றும் சொன்னால் உச்ச நீதிமன்றம் தலையிட வாய்ப்பு அதிகம். ஒரே கேள்வியோடு பல ஊர்களில் வழக்கு நடப்பது இதற்காகத்தான்.

எதிர்த் தரப்பும் சும்மா இருக்கவில்லை. சில நேரம் தோல்வியை ஒப்புக்கொண்டு அங்கேயே நிறுத்துவது அவர்களுக்கு லாபம். 2017-ல் தலைநகர் வாஷிங்டனின் மே இஷ்யூ முறை மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. நகரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போகவில்லை. அங்கேயும் தோற்றால் நாடு முழுவதும் அதே கதிதான் என்பதே காரணம். நியூயார்க் நகரம் இன்னொரு வழியைப் பிடித்தது. வீட்டு உரிமம் உள்ளவர் நகருக்கு வெளியே இருக்கும் சுடுதளத்துக்குக் கூடத் துப்பாக்கியைக் கொண்டுபோகக் கூடாது என்றொரு விதி அங்கே இருந்தது. அதை எதிர்த்த வழக்கை உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்ததும் நகரம் விதியைத் தளர்த்தியது. கேள்வியே இல்லாமல் போய்விட்டது என்று 2020-ல் வழக்கு முடிந்தது.

வழக்கும் சட்டமன்றமும் எப்படிக் கைகோக்கின்றன என்பதற்கு நான் பார்த்தவரை இலினாய்தான் நல்ல பாடம். பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்வதற்கு முழுத் தடை வைத்திருந்த கடைசி மாநிலம் அது. 2012 டிசம்பரில் ஏழாவது வட்டார நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. தீர்ப்பெழுதிய நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் துப்பாக்கி ஆர்வலர் அல்ல. ஹெல்லர் தீர்ப்பையே விமர்சித்தவர். ஆனால் தற்காப்புதான் உரிமையின் சாரம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்ட பிறகு, சிகாகோவில் ஒருவர் தாக்கப்படும் வாய்ப்பு 35-வது மாடி வீட்டில் இருப்பதைவிட ஆபத்தான பகுதியின் நடைபாதையில்தான் அதிகம் என்று எழுதினார்.

புதிய சட்டம் இயற்ற 180 நாள் கெடு கொடுத்தார். கெடு தாண்டினால் கட்டுப்பாடே இல்லாத நிலை வந்துவிடும் என்பதால் தடையை ஆதரித்த உறுப்பினர்களும் சட்டம் வேண்டும் என்று உட்கார்ந்தார்கள். ஆளுநர் பாட் குவின் திருத்தங்களோடு திருப்பி அனுப்ப, 2013 ஜூலையில் சட்டமன்றம் அதைத் தள்ளி மசோதாவை நிறைவேற்றியது. 16 மணி நேரப் பயிற்சி, ஐந்தாண்டு உரிமம், 150 டாலர் கட்டணம், பேருந்திலும் ரயிலிலும் தடை என்று இரு தரப்பும் பேரம் பேசி முடித்த சட்டம் அது. நீதிமன்றம் கதவைத் திறந்தது, வீட்டுக்குள் என்ன விதி என்பதைச் சட்டமன்றம் எழுதியது.

2022: ப்ரூவென் தீர்ப்பு

எல்லாச் செய்திகளும் கடைசியில் இந்தப் பெயரில்தான் வந்து முட்டுகின்றன. நியூயார்க்கின் சல்லிவன் சட்டம் 1911-லிருந்து நடைமுறையில் இருந்தது. மறைத்து எடுத்துச் செல்லும் முழு உரிமம் வேண்டுமென்றால் "தகுந்த காரணம்" காட்ட வேண்டும். பொதுவாகத் தற்காப்புக்கு வேண்டும் என்பது போதாது. மற்றவர்களிலிருந்து வேறுபட்ட, தனிப்பட்ட ஆபத்து இருக்க வேண்டும்.

அல்பனிக்கு அருகே ரென்சலர் மாவட்டத்தில் இருவர் விண்ணப்பித்தார்கள். ஒருவர் தன் தெருப்பக்கம் அடுத்தடுத்து நடந்த கொள்ளைகளைக் காரணம் காட்டினார். அதிகாரியின் பதில்: வேட்டைக்கும் சுடும் பயிற்சிக்கும் காட்டுப்பக்கம் மீன்பிடிக்க, மலையேற, கூடாரம் போட எல்லாம் எடுத்துப் போகலாம், ஆனால் பொதுமக்கள் நடமாடும் இடத்துக்கு எடுத்துப் போகக் கூடாது. இரண்டாமவருக்கு வேலைக்குப் போய்வரும் வழியில் மட்டும் அனுமதி கிடைத்தது. கொள்ளை நடந்தது முதலாமவர் குடியிருக்கும் பகுதியில். அனுமதி கிடைத்தது காட்டுக்கு.

2022 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 கணக்கில் இந்த முறையை ரத்து செய்தது. நீதிபதி க்ளாரன்ஸ் தாமஸ் எழுதிய தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் உண்டு.

முதலாவது நேரடியானது. தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வதும் இரண்டாவது திருத்தம் காக்கும் உரிமைதான். வேறு எந்த அரசியல் சட்ட உரிமையையும் பயன்படுத்த ஒருவர் அதிகாரியிடம் போய்த் தனிக் காரணம் காட்டுவதில்லை. எனவே ஆறு மாநிலங்களின் மே இஷ்யூ முறை ஒரே நாளில் செத்தது.

இந்தப் பகுதியில் நீதிமன்றம் சொன்னது நியாயம் என்பதே என் கருத்து. துப்பாக்கி நல்லதா கெட்டதா என்பதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், "எனக்குத் திருப்தியானால் தருவேன்" என்ற அதிகாரம் யார் கையில் போனாலும் அது செல்வாக்கு உள்ளவருக்குத்தான் உதவும். 1956-ல் அலபாமாவின் மான்ட்கோமரியில் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள். அவரைவிடத் தகுந்த காரணம் யாருக்கு இருந்திருக்கும்? ப்ரூவென் வழக்கிலேயே ஏழைகளுக்காக வாதாடும் நியூயார்க்கின் அரசு உதவி வழக்கறிஞர்கள், கறுப்பின வழக்கறிஞர்கள் உட்பட, உரிமம் கேட்டவர்கள் பக்கம் மனுப் போட்டார்கள். உரிமம் கிடைக்காமல் துப்பாக்கி வைத்திருந்ததற்காகவே தங்கள் கறுப்பின, ஹிஸ்பானிய கட்சிக்காரர்கள் சிறைக்குப் போகிறார்கள் என்பது அவர்கள் வாதம். துப்பாக்கி விவாதத்தை வலதுசாரி, இடதுசாரி என்று இரண்டாகப் பிரித்துப் பார்ப்பவர்கள் இந்த மனுவை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது விஷயம்தான் இன்றைய குழப்பத்துக்கெல்லாம் ஊற்று. இனிமேல் துப்பாக்கிச் சட்டம் செல்லுமா என்று பார்க்கும் முறை இதுதான் என்று தீர்ப்பு வகுத்தது:

1. தடுக்கப்படும் செயல் இரண்டாவது திருத்தத்தின் வாசகத்துக்குள் வருகிறதா? வந்தால் அது காக்கப்பட்ட உரிமை.

2. அப்படியானால் தடை நாட்டின் வரலாற்று மரபுக்குப் பொருந்துகிறது என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும். 1791-ஐ ஒட்டிய காலத்திலோ 19-ஆம் நூற்றாண்டிலோ இதைப் போன்ற சட்டம் இருந்ததைக் காட்ட வேண்டும்.

இதற்கு முன் கீழ் நீதிமன்றங்கள் உரிமையை ஒரு தட்டிலும் பொதுப் பாதுகாப்பை மறு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்த்தன. அந்தத் தராசே இப்போது எடுக்கப்பட்டுவிட்டது. ஷால் இஷ்யூ சட்டங்கள் வந்து பத்தாண்டுகளில் வன்முறைக் குற்றம் 13 முதல் 15 சதவீதம் கூடுதலாக இருந்தது என்று ஜான் டோனஹியூ குழுவின் 2019 ஆய்வு சொல்கிறது. இதற்கு நேர்மாறாக, இத்தகைய சட்டங்களால் குற்றம் குறைந்தது என்று ஜான் லாட் 1990-களிலிருந்து வாதிட்டு வருகிறார். 2004-ல் தேசிய ஆராய்ச்சிக் குழு இருக்கும் சான்றை வைத்து எந்தப் பக்கமும் முடிவு கட்ட முடியாது என்றது. இந்த ஆய்வுச் சண்டைக்கு இன்று சட்டமன்றத்தில் இடம் உண்டு, நீதிமன்றத்தில் அநேகமாக இல்லை. வழக்கறிஞர்கள் புள்ளிவிவர நிபுணர்களை விட்டுவிட்டு வரலாற்றுப் பேராசிரியர்களைத் தேடுகிறார்கள். ஒரு சட்டம் உயிர்களைக் காக்கிறதா என்ற கேள்வியையே கேட்காமல் அதன் தலைவிதியை முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

தோற்ற மாநிலங்களின் பதில்

தீர்ப்பு வந்து எட்டு நாளில், 2022 ஜூலை 1 அன்று, நியூயார்க் ஆளுநர் கேத்தி ஹோக்கல் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். "யாருக்கு" என்ற கேள்வியில் தோற்ற மாநிலம் "எங்கே" என்ற கேள்விக்குத் தாவியது. உரிமம் கொடுப்போம், ஆனால் டைம்ஸ் சதுக்கத்தில் கூடாது, சுரங்க ரயிலில் கூடாது, பூங்காவில், மதுக்கடையில், திரையரங்கில் கூடாது. 18 மணி நேரப் பயிற்சி, நன்னடத்தைக்குச் சாட்சி சொல்ல நான்கு பேர், மூன்றாண்டு சமூக ஊடகக் கணக்கு விவரம் எல்லாம் வேண்டும்.

இதில் பெரிய மோதல் தனியார் இடம் பற்றியது. வழக்கமாக ஒரு கடைக்காரர் துப்பாக்கி வேண்டாம் என்றால் பலகை மாட்டுவார். பலகை இல்லையென்றால் போகலாம். புதிய சட்டம் இதைத் தலைகீழாக்கியது: கடைக்காரர் வரலாம் என்று வெளிப்படையாகச் சொன்னால் தவிர வரக் கூடாது. ஹவாய், கலிஃபோர்னியா, மேரிலாந்து, நியூ ஜெர்சி ஆகியவையும் இதே வழியில் போயின. பெட்ரோல் பங்க், மளிகைக் கடை, உணவகம் எல்லாமே தனியார் இடம்தானே. ஒவ்வொரு வாசலிலும் தனித்தனியாக அனுமதி கேட்க வேண்டுமென்றால் பையில் இருக்கும் உரிமத்தால் என்ன பயன் என்று வழக்குத் தொடுத்தவர்கள் கேட்டார்கள்.

2024 அக்டோபரில் இரண்டாவது வட்டார நீதிமன்றம் நியூயார்க் சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்றது. ஆனால் சமூக ஊடக விதியையும், பொதுமக்கள் வந்துபோகும் கடைகள் போன்ற தனியார் இடங்களுக்கான தலைகீழ் விதியையும் தடுத்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஒன்பதாவது வட்டாரம் ஹவாயின் இதே விதி செல்லும் என்றிருந்தது. முன்னே சொன்ன வட்டார முரண்பாடு இதுதான். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஹவாய் வழக்கை, வுல்ஃபோர்ட் என்ற பெயரில், விசாரணைக்கு ஏற்றது.

இந்த வழக்கில் வரலாற்றுச் சோதனை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். ஹவாயின் விதிக்கு முன்னுதாரணமாகக் காட்டப்பட்டவற்றில் முக்கியமானவை 1771-ன் நியூ ஜெர்சிச் சட்டமும் 1865-ன் லூசியானாச் சட்டமும். முதலாவது அத்துமீறி வேட்டையாடுவதைத் தடுக்க வந்தது. இரண்டாவது, அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின மக்களை ஒடுக்க இயற்றிய சட்டங்களோடு பிறந்தது. இன்று ஹொனொலுலு உணவகத்தில் யார் துப்பாக்கியோடு நுழையலாம் என்பதற்கு இந்த இரண்டையும் புரட்டினார்கள்.

வரலாற்றுச் சோதனையை எவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பது என்பதில் 2024 ஜூனில் ரஹிமி வழக்கு கொஞ்சம் தளர்வு கொடுத்தது. குடும்ப வன்முறைக்காக, பாதிக்கப்பட்டவரை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் விலக்கி வைத்தவரிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கலாம் என்று 8-1 கணக்கில் தீர்ப்பு. பழைய சட்டத்தின் அச்சு நகல் வேண்டாம், அதன் கொள்கை பொருந்தினால் போதும் என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ்.

உரிமமே வேண்டாம்: மறு பக்கத்து மாநிலங்கள்

நீதிமன்றத்தில் இந்தச் சண்டை நடக்கும்போதே மற்ற மாநிலங்கள் வேறு திசையில் வேகமெடுத்தன. வெர்மான்ட்டில் என்றுமே உரிம முறை இருந்ததில்லை. அங்கே உரிமம் கேட்ட ஒரு நகர விதியை 1903-லேயே மாநில உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. 2003-ல் அலாஸ்காவும் 2010-ல் அரிசோனாவும் அந்த வழிக்கு வந்தன. 2021-ல் டெக்சாஸ், 2022-ல் ஜார்ஜியாவும் ஒஹாயோவும், 2023-ல் ஃப்ளோரிடா, 2024-ல் லூசியானாவும் தென் கரோலினாவும். அப்போது கணக்கு 29 மாநிலங்கள்.

இதை எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தவில்லை. ப்ரூவென் தீர்ப்பே ஷால் இஷ்யூ உரிம முறையை ஏற்றுக்கொண்டது. பயிற்சியும் பின்னணிச் சோதனையும் கேட்பது தவறல்ல என்றது. உரிமத்தை எடுத்துவிட்டது முழுக்கச் சட்டமன்றங்களின் சொந்த முடிவு. அதிகாரியின் மனம்போன போக்கை எதிர்ப்பது ஒன்று, எல்லோருக்கும் பொதுவான சில மணி நேரப் பயிற்சியையே நீக்குவது வேறொன்று. முதலாவதற்கு இருக்கும் நியாயம் இரண்டாவதற்கு இல்லை என்று நினைக்கிறேன்.

இதில் பலர் கவனிக்காத ஒரு பொறியும் இருக்கிறது. பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். அந்த மாநிலம் கொடுத்த உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமமே தேவையில்லை என்று மாநிலம் சொன்னதை நம்பி, உரிமம் வாங்காமல், தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு பள்ளியைக் கடந்து கார் ஓட்டுபவர் மத்தியச் சட்டத்தை மீறுகிறார். நகரத்துக்குள் பள்ளியைத் தொடாமல் எத்தனை தெருவில் போக முடியும்? டெக்சாஸிலும் ஃப்ளோரிடாவிலும் உரிமம் வழங்குவதை நிறுத்தாமல் வைத்திருப்பதற்கும், விவரம் தெரிந்தவர்கள் இன்றும் அதை வாங்குவதற்கும் இது ஒரு காரணம்.

சட்டமன்ற வழியில் இன்னொரு கருவி, நகரங்களின் கையைக் கட்டுவது. மாநிலச் சட்டத்துக்கு மேல் நகராட்சியோ மாவட்டமோ துப்பாக்கி விதி போடக் கூடாது என்ற சட்டம் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் உண்டு. ஃப்ளோரிடா 2011-ல் ஒரு படி மேலே போனது. மீறி விதி போடும் உள்ளூர்ப் பிரதிநிதிக்கு 5,000 டாலர் வரை அபராதம், ஆளுநர் நினைத்தால் பதவி நீக்கம். அதையும் மாநில உச்ச நீதிமன்றம் 2023-ல் ஏற்றது.

மாநில எல்லையில் என்ன நடக்கிறது

ஓட்டுநர் உரிமம் போல ஒரு மாநிலத் துப்பாக்கி உரிமம் இன்னொரு மாநிலத்தில் தானாகச் செல்லாது. எது எதை மதிக்கும் என்பது மாநிலங்களுக்கிடையே உள்ள ஏற்பாடு.

2013-ல் பென்சில்வேனியா உரிமம் வைத்திருந்த ஒரு பெண், குழந்தைகளைத் தனியாக வளர்ப்பவர், நியூ ஜெர்சிக்குள் கார் ஓட்டிப் போனார். போக்குவரத்துப் போலீஸ் நிறுத்தியதும் தன்னிடம் துப்பாக்கியும் உரிமமும் இருப்பதைத் தானாகவே சொன்னார். உடனே கைது. மூன்று ஆண்டுக்கும் மேலான கட்டாயச் சிறை காத்திருந்தது. பெரிய கண்டனம் எழுந்த பிறகு சிறையில்லாத மாற்றுத் திட்டத்தில் சேர்த்தார்கள், 2015-ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார்.

எல்லா மாநிலமும் எல்லா உரிமத்தையும் மதிக்க வேண்டும் என்ற மசோதாவை 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை 231-198 என்று நிறைவேற்றியது. செனட்டில் அது நகரவில்லை. 2025-ல் அதே மசோதா மறுபடி வந்தது. மாநில உரிமை பேசும் கட்சியினரே இதில் மாநிலங்கள் மீது மத்தியச் சட்டத்தைத் திணிக்கக் கேட்கிறார்கள் என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். மாநிலம் உரிமம் தேவையில்லை என்று சொன்னாலும் இது மாறாது. டெக்சாஸில் இருக்கும் நண்பர் எடுத்துப் போகிறாரே என்று பார்த்து இறங்கிவிடக் கூடாது. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை கிடையாது.

அடுத்த வழக்குகள்

இப்போது நடப்பவை பெரும்பாலும் விளிம்புகளைப் பற்றியவை. 18 முதல் 20 வயதுள்ளவருக்கு உரிமம் மறுக்கலாமா என்பது ஒன்று. மினசோட்டாவின் 21 வயது விதியை எட்டாவது வட்டாரம் 2024-ல் ரத்து செய்தது. அதில் தலையிட 2025-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பேருந்து, ரயில் இன்னொன்று. இலினாயில் பொதுப் போக்குவரத்துத் தடையைக் கீழ் நீதிமன்றம் தவறு என்றது, 2025 செப்டம்பரில் ஏழாவது வட்டாரம் சரி என்றது.

எனக்கு முக்கியமாகப் படுவது காத்திருப்பும் கட்டணமும். ப்ரூவென் தீர்ப்பின் ஓர் அடிக்குறிப்பு, உரிமம் கொடுக்க நீண்ட காலம் இழுத்தடித்தாலோ கட்டுபடியாகாத கட்டணம் வைத்தாலோ அதையும் எதிர்த்து வழக்குப் போடலாம் என்று வழி விட்டிருந்தது. 2025 செப்டம்பர் இறுதியில் மத்திய நீதித் துறையே லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட ஷெரிஃப் மீது வழக்குத் தொடுத்தது. 2024 ஜனவரி முதல் 2025 மார்ச் வரை வந்த 3,982 புதிய விண்ணப்பங்களில் இரண்டுக்கு மட்டுமே அனுமதி கிடைத்தது என்பது அதன் குற்றச்சாட்டு. இதுவரை இந்த வழக்குகளைச் சங்கங்கள் தொடுத்தன, அரசுகள் எதிர்வாதம் செய்தன. இங்கே ஓர் அரசே வாதியாகி இன்னொரு அரசு அமைப்பைக் கூண்டில் ஏற்றியிருக்கிறது. வாஷிங்டனில் ஆட்சி மாறினால் இந்த மாதிரி வழக்குகளை யார் தொடர்ந்து நடத்துவார்கள் என்பதுதான் கேள்வி.